பொம்பிளை மாப்பிளை இல்லாத கபிரிஞ்ஞா

பள்ளிக்கூடத்தில நடனம் படிப்பிக்கிறவளுக்குச் சொந்தமா ஒரு வகுப்பறை இராது, ஆனால் வருசத்தில வாற எல்லா விழாவும் அவளுக்குத்தான் சொந்தம். இதை வாசிக்கிற நடன ரீச்சர்மாருக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. வாணி விழாவுக்கும் நாங்கள், ஒளி விழாவுக்கும் நாங்கள், ஆரும் பெரியவர் வந்தால் வாசலில மாலையோட பிள்ளையளை நிப்பாட்டுறதும் நாங்கள்.

என்ர பேர் வதனி. பதினெட்டு வருசமா தாளம் தட்டுற ஒரே தட்டுக்கழியோட காலம் போகுது. திருகோணமலையில உட்துறைமுகப் பக்கம் எங்கட பள்ளிக்கூடம். மண்டபத்து யன்னலால துறைமுகம் தெரியும். ஒரு கப்பல் வந்து நிண்டால் நாலைஞ்சு நாள் அசையாமல் நிக்கும். நானும் பிள்ளையளை ஆட விட்டிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நிண்டிடுவன். கை தன்ர பாட்டில தட்டும். பிள்ளையள் முதலாம் காலம் முடிச்சு, இரண்டாம் காலம் முடிச்சு, மூச்சு வாங்கிக்கொண்டு "ரீச்சர், ரீச்சர்" எண்டு கூப்பிட்ட பிறகுதான் கரைக்கு வருவன். இப்பிடி ஒரு ஆளிட்டத்தான் அந்த வேலையும் வந்து சேர்ந்தது.

ஏழு நிமிசம்

ஒருநாள் அதிபர் ஒரு கடிதத்தோட மண்டபத்துக்கு வந்தார். எல்லாச் சமூகத்தின்ர பண்பாட்டையும் பள்ளிக்கூடங்களில கொண்டாட வேணுமாம். எங்கட பங்குக்குப் பறங்கியர் பண்பாட்டு நாள். நியாயமான கதைதான். பாலையூற்றில இருந்து எங்களிட்ட வாற பிள்ளையளில கனபேர் பறங்கியர் வீட்டுப் பிள்ளையள், போர்த்துக்கேயர் வழி வந்தவை. பிள்ளையளுக்கு விளங்கக்கூடாத கதை எண்டால் தாய் தகப்பன் இப்பவும் போர்த்துக்கேயத்திலதான் கதைப்பினம். அவையட கலியாண வீடுகளில வயலின் வாசிச்சுச் சோடி சோடியா ஆடுற ஆட்டத்துக்குப் பேர் கபிரிஞ்ஞா. நிகழ்ச்சி நிரலில அதுக்கு ஏழு நிமிசம் போட்டாச்சு, பொறுப்புக்கு என்ர பேரும் போட்டாச்சு.

நான் நேரே மெர்லின் ரீச்சரிட்டப் போனன். இங்கிலிஸ் படிப்பிக்கிறவ, பாலையூற்றுக்காரி, எங்கட ஆசிரியர் அறையில இருக்கிற ஒரேயொரு பறங்கியர். பன்னிரண்டு வருசமா நானும் அவவும் ஒரே மேசையில இருந்துதான் சாப்பிடுறனாங்கள். சந்தோசத்தில எழும்பி என்னைக் கட்டிப்பிடிப்பா எண்டு நினைச்சன். அவ கொப்பி திருத்திக்கொண்டிருந்தா, நிமிர்ந்தே பார்க்கேல்லை.

"வதனி ரீச்சர், அறிவிப்பு வேணுமெண்டால் வாசிக்கிறன். எனக்கு ஆடத் தெரியாது, ஆட்டத்தில என்ர பேரைப் போடாதேங்கோ."

அரைமண்டி

சரி, வேற வழி? ஆரோ ஒரு கலியாண வீட்டில எடுத்த வீடியோ ஒண்டை ஃபோனில பத்துத்தரம் பார்த்தன். 'தகிட தகிட' எண்டு திஸ்ர நடை பிடிபட்டிட்டுது. அதோட என்ர கற்பனையும் ஓடத் தொடங்கிட்டுது. மாதக்கணக்காக் கப்பலில கிடந்து இறங்கினவனுக்குத் தரையும் ஆடுறமாதிரி இருக்குமாம். அந்த அசைவுதான் இந்த ஆட்டமா வந்திருக்கவேணும் எண்டு நானே முடிவு கட்டினன். பிறகென்ன, பிள்ளையளை வரிசையா நிப்பாட்டி, முழங்காலை மடிச்சு அரைமண்டியில இருத்தி, கையைப் பதாகத்தில பிடிக்கச் சொல்லி, முதல் தட்டிக் கும்பிட்டு, பிறகு அலை மாதிரி இஞ்சாலையும் அங்காலையும் அசைய விட்டன். எல்லாரும் வெறுங்கால். என்ர மேடையில நடராசர் இருக்கிறார், சப்பாத்துக்கு அனுமதி இல்லை, அது பதினெட்டு வருசச் சட்டம்.

டொரின் அக்கா மகளுக்குச் சாப்பாடு குடுக்க வந்தவ, வாசலில நிண்டு முழுக்கப் பார்த்தா. பாலையூற்றுத் தாய்மாருக்கெல்லாம் தலைவி மாதிரி அவ. புருசன் இரும்பு ஒட்டுவேலை செய்யிறவர், வயலினும் வாசிப்பார். "எப்பிடி அக்கா?" எண்டு பெருமையாத்தான் கேட்டனான்.

"வடிவா இருக்கு ரீச்சர். ஆனால் எங்கட கலியாண வீட்டில இப்பிடி முழங்காலை மடிச்சுக்கொண்டு நிண்டால், இருக்கக் கதிரை கேக்கிறம் எண்டு நினைப்பினம்."

இரண்டு விபூதி

பிள்ளையளை விட்டிட்டுத் தாய் தகப்பன்மாரே எட்டுச் சோடி வந்து ஆடுறதெண்டு டொரின் அக்கா தீர்ப்புச் சொன்னா. புதன்கிழமை பின்னேரம் ஒத்திகை. வந்தவை எல்லாற்ற நெத்தியிலயும் சாம்பல் சிலுவை. காலமை கோயிலுக்குப் போட்டு வந்த என்ர நெத்தியிலயும் விபூதி. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிச்சம். ஆனால் அவை ஆட வரேல்லை, சொல்ல வந்தவை. அண்டைக்கு விபூதிப் புதன். இனி நாப்பது நாள் தவக்காலம், கலியாணமும் இல்லை, ஆட்டமும் இல்லை. எங்கட விழாவோ தவக்காலத்து நாலாம் கிழமை.

அதிபர் தலையில கை வைச்சிட்டார். திகதியை மாத்தச் சொல்லி மேலிடத்துக்கு என்னெண்டு எழுதுறது எண்டு அவருக்குக் கவலை. கணிதம் படிப்பிக்கிற ரிஸ்வி சேர் கிண்ணியாக்காரர். நோன்பும் அந்த முறை தவக்காலத்தோட ஒண்டா வந்திருந்தது. எங்கட ஆசிரியர் அறையில ரீ குடிக்க ஆள் குறைஞ்சிருந்த நாள் அது. ஒரு மூலையில களைச்சுப்போய் இருந்தவர் மெல்லமாச் சொன்னார்:

"சேர், பாலையூற்றாருக்குத் தவக்காலம், எனக்கு நோன்பு. அந்தத் திகதியில வைச்சால் ஆடவும் ஆள் இல்லை, வடை தின்னவும் ஆள் இல்லை எண்டு எழுதுங்கோ."

நிலாவெளி பஸ்

திகதி மாறிச்சுது. சித்திரை லீவு முடிஞ்ச பிறகு எண்டு பதில் வந்தது. அந்த நாப்பது நாளும் ஆட்டம் வெளியில நிண்டுபோச்சு, எனக்குள்ள நிக்கேல்லை. நான் இருக்கிறது நிலாவெளியில. காலமை பஸ்ஸில யன்னல் கரையில இருந்து வரேக்க, இஞ்சால கடல், அங்கால பனை. பனையள் எல்லாம் சோடி சோடியாக் கையைப் பிடிச்சுக்கொண்டு பின்னால போகும். கரைவலை இழுக்கிற ஆக்களும் தகிட தகிட எண்டு பின்பக்கமா நடந்து போவினம். எங்க இருக்கிறன், எந்தச் சந்தி தாண்டிச்சுது ஒண்டும் தெரியாது. கால் மட்டும் தரையில தட்டிக்கொண்டிருக்கும்.

கொண்டக்டர் கனநேரம் என்ர காலைப் பார்த்துக்கொண்டு நிண்டிருக்கிறார்.

"அக்கா, பயப்பிடாதேங்கோ, பிரேக் அடிக்கிறதுக்கு டிரைவர் இருக்கிறார்."

நானும் பறங்கிதான்

ஆட்டம் இல்லாத நாளில கண்காட்சி வேலையாவது நடக்கட்டும் எண்டு, வீட்டில இருக்கிற பழைய பறங்கியர் பொருள் ஏதும் இருந்தால் கொண்டுவரச் சொன்னன். கேக் தகரம் வந்தது, தச்சு உளி வந்தது, தந்தி அறுந்த வயலின் ஒண்டு வந்தது. சல்லியில இருந்து வாற மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை ஒண்டு தகப்பனோட ஓட்டோவில ஒரு கதிரையை ஏத்திக்கொண்டு வந்திட்டுது. கதிரை எண்ட சொல்லே போர்த்துக்கேயரிட்ட இருந்து வந்ததெண்டு மெர்லின் ரீச்சர்தான் வகுப்பில சொன்னவவாம். நான் மெர்லினைத் திரும்பிப் பார்த்தன். ஆட்டத்தில பேர் போடவேண்டாம் எண்ட மனிசி, வகுப்பில இதையெல்லாம் சொல்லிக்குடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறா.

ரிஸ்வி சேர் அந்தக் கதிரையில இருந்துகொண்டு, அப்பிடி வந்த மற்றச் சொல்லுகளையும் விரல் விட்டு எண்ணினார்.

"காலமை துவாயோட கிணத்தடிக்குப் போய், கழிசான் போட்டு, கதிரையில இருந்து பாண் சாப்பிட்டு, சப்பாத்துக் கொழுவுற மட்டும் நானும் பறங்கிதான்."

படம் இல்லாத இடம்

கண்காட்சி மேசையில கலியாணப் படங்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினன். பாலையூற்றுத் தாய்மார் ஒவ்வொருத்தரும் தங்கட படத்தைத் தந்தவை. வெள்ளைக் கவுண், தலையில நெட், பின்னால வயலினோட ஆரோ ஒருத்தர், கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிற சனம். மெர்லின் மேசையை ஒரு சுத்துச் சுத்தி ஒவ்வொண்டாப் பார்த்தா. கடைசியில கொஞ்சம் வெறும் இடம் இருந்தது. "உங்கட படம்?" எண்டு கேட்டன். மணி அடிச்சிட்டுது எண்டு சொல்லிப்போட்டுப் போனா. மணி அடிக்கேல்லை.

டொரின் அக்காதான் பிறகு சொன்னா. மெர்லினுக்கும் அன்ரனுக்கும் கலியாணம் நடந்தது சண்டைக் காலத்தில, ஊரடங்கு போட்ட கிழமையில. விடியப் பூசை, இரண்டு சாட்சி, பத்து மணிக்கு முன்னம் எல்லாரும் வீட்டுக்குள்ள. படம் எடுக்கிறவரும் வரேல்லை. மெர்லின்ர தகப்பன் பெயர்போன வயலின்காரர். "நிலைமை சரிவரட்டும் மகள், முத்தத்தில பந்தல் போட்டு ஆடுவம்" எண்டு சொல்லி வயலினைப் பெட்டிக்குள்ள வைச்சவராம். நிலைமை சரிவர முன்னமே அவர் செத்துப்போனார். அதுக்குப் பிறகு மெர்லின் எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும், பரிசைக் குடுத்திட்டு, வயலினைப் பெட்டியால எடுக்க முன்னம் எழும்பி வந்திடுவாவாம். பன்னிரண்டு வருசம் ஒரே மேசையில சாப்பிட்டும் இது எனக்குத் தெரியாது. அப்ப அவவுக்கு ஆடத் தெரியாதெண்டது உண்மைதானோ எண்டு கேட்டன்.

"ஆடத் தெரியாதோ? தகப்பன்ர வயலினுக்குத்தான் ரீச்சர் அவள் நடக்கவே பழகினவள்."

இரண்டு கதிரை

உயிர்த்த ஞாயிறு முடிஞ்சு, சித்திரை லீவும் முடிஞ்சு, எட்டுச் சோடியும் மண்டபத்துக்கு வந்தவை. என்ர சட்டத்துக்காகச் சப்பாத்தோட கீழ நிலத்திலதான் ஒத்திகை. டொரின் அக்காவின்ர புருசன் வில்லை வைச்சு இழுத்தார். ஐயோ, என்ன இனிமை. யன்னலுக்கு வெளியால நிண்ட கப்பல்கூட ஒருக்கா அசைஞ்ச மாதிரி எனக்கு. ஆனால் எட்டுச் சோடியில ஒருத்தரும் அசையேல்லை. கல்லு மாதிரி நிக்கினம். கால் வரேல்லையாம். அவையட வழக்கத்தில பொம்பிளையும் மாப்பிளையும்தான் முதல் ஆட இறங்கவேணும், பிறகுதான் மற்றச் சோடியள். பத்து மணி வெயிலில, பள்ளிக்கூட மண்டபத்தில, கலியாணமே இல்லாமல் ஒருநாளும் அவை ஆடினதில்லை.

இரண்டு பிள்ளையளுக்கு வேசம் போடுவமோ எண்டன். பிள்ளையளுக்கு விளையாட்டுக் கலியாணம் கட்டக்கூடாது எண்டு தாய்மார் ஒரேயடியா மறுத்திட்டினம். எனக்கு நல்லதொரு யோசனை வந்தது. நல்லதெண்டு அப்ப நினைச்சனான். இரண்டு கதிரையை நடுவில போட்டு, மேல வெள்ளைத் துணி விரிச்சு, ஒவ்வொண்டுக்கும் ஒரு மாலை போட்டு, இதுதான் பொம்பிளை மாப்பிளை எண்டு நினைச்சு ஆடுங்கோ எண்டன். வயலின் நிண்டுபோச்சு. ஒராள் தொப்பியைக் கழட்டினார்.

"ரீச்சர், குறை நினைக்காதேங்கோ, இது அசல் செத்தவீடு."

கேட்டது பிழை

அண்டைக்கே போய் மெர்லினிட்டக் கேட்டன். கேட்டிருக்கக்கூடாது. "அண்டைக்கு நடக்காத ஆட்டத்தை இஞ்ச ஆடுவமே, நீங்களும் அன்ரனும் தொடக்கிவையுங்கோவன்" எண்டு, ஏதோ பெரிய பரிசு குடுக்கிறவள் மாதிரிச் சொல்லிப்போட்டன். அவவின்ர சிவப்புப் பேனை சரியான விடை ஒண்டில பிழை போட்டிட்டுது. அதை வெட்டி, திரும்பச் சரி போட்டு, பக்கத்தில சின்னக் கையெழுத்தும் வைச்சா. எனக்கு வெக்கமாப் போச்சு.

"எனக்கு ஏ.எல். சோதினை எடுக்கிற மகள் இருக்கு வதனி. இந்த வயசில நான் பொம்பிளையா வெளிக்கிட்டால், பிள்ளை பள்ளிக்கூடம் மாறிப்போகும்."

நல்ல செய்தி

பாலையூற்றில தவக்காலத்துக்கு முன்னம் கலியாணம் கட்டின ஒரு புதுச் சோடியை டொரின் அக்கா பிடிச்சுத் தந்தா. கவுணும் நெட்டும் அலுமாரியில புதுசா இருக்காம். எனக்குப் பாதி உயிர் வந்தது. விழா நாள் காலமை ஏழரைக்கு டொரின் அக்கா ஃபோன் அடிச்சா. பொம்பிளை ராத்திரித்தொடக்கம் சத்தி எடுத்துக்கொண்டு கட்டிலில கிடக்கிறாவாம். மருந்துக்குப் போன இடத்தில டொக்டர் சிரிச்சவராம்.

"நல்ல செய்திதான் ரீச்சர், ஆனால் இண்டைக்கு எங்களுக்கு வேண்டாத செய்தி."

ஹெல்மெட்

பேச்சு, பேச்சு, பேச்சு. எங்கட விழாக்கள் உங்களுக்குத் தெரியும்தானே. பத்து மணிக்கு வரவேண்டிய கபிரிஞ்ஞா ஒன்றரைக்குத்தான் வந்தது. பொம்பிளை மாப்பிளை இல்லாமலே எட்டுச் சோடியும் மேடையில ஏறிச்சினம், என்ர சட்டப்படி வெறுங்காலோட. மெர்லின் ஒலிவாங்கிக்கு முன்னால நிண்டு, தான் முன்னமே எழுதி வைச்ச அறிவிப்பை வாசிச்சா. "இந்த ஆட்டத்தைப் பொம்பிளையும் மாப்பிளையும் தொடக்கிவைப்பார்கள்" எண்ட இடத்தில குரல் கொஞ்சம் தட்டுப்பட்டது. வயலின் தொடங்கிச்சுது. ஒருத்தரும் ஆட இறங்கேல்லை. வயலின் நிண்டு, திரும்பத் தொடங்கிச்சுது. எட்டுச் சோடியும் ஒருத்தற்ற முகத்தை ஒருத்தர் பார்க்கினம். முன்வரிசைப் பெரியவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். நான் திரைக்குப் பின்னால நிண்டு, வழக்கம்போல, யன்னலால கப்பலைப் பார்த்தன். அண்டைக்கு அதுவும் உதவி செய்யேல்லை.

அப்ப கடதாசி மடிக்கிற சத்தம் ஒலிபெருக்கியில கேட்டது. மெர்லின் அறிவிப்பை மடிச்சு மேசையில வைச்சிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நிண்டா. அங்க அன்ரன். துறைமுகத்தில பாரந்தூக்கி ஓட்டுறவர். வேலை முடிஞ்சு, நீல உடுப்போட, கைக்குள்ள ஹெல்மெட்டோட, மனிசியை ஏத்திக்கொண்டு போக வந்து நிக்கிறார். ஒலிவாங்கி பூட்டேல்லை எண்டது மெர்லினுக்கு ஞாபகமில்லை. "அன்ரன், அதை வைச்சிட்டு வாங்கோ" எண்டா. மண்டபம் முழுக்கக் கேட்டது. அந்த மனிசன் தனக்குப் பின்னால வேற அன்ரன் ஆரும் நிக்கிறாரோ எண்டு திரும்பிப் பார்த்தார். ஹெல்மெட்டை ரிஸ்வி சேரின்ர கையில குடுத்திட்டு மேடைப் படி வரைக்கும் வந்து, தன்ர வேலைச் சப்பாத்தையும் நடராசரையும் பார்த்து, பிறகு என்னைப் பார்த்தார். நான் வாங்கோ எண்டு கையைக் காட்டினன். நடராசர் ஒண்டும் சொல்லேல்லை.

முதல் நாலு அடிக்கு அன்ரனுக்குக் கால் பின்னிச்சுது. மெர்லினுக்குப் பின்னேல்லை. என்ர வாழ்க்கையில எத்தினையோ பிள்ளையளின்ர காலைப் பார்த்திருக்கிறன், இருபது வருசம் சும்மா இருந்த கால் இப்பிடிச் சுத்துமெண்டு நான் அறியேல்லை. சேலைக் கொய்யகத்தை ஒரு கையால பிடிச்சுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, தகப்பன்ர வீட்டு முத்தத்தில நிக்கிறமாதிரித்தான் ஆடினா. பிறகு எட்டுச் சோடியும் ஓடிப்போய்ச் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு வந்து இறங்கிச்சினம். பிறகு கீழ இருந்த சனம். அதிபரையும் ஆரோ இழுத்திட்டினம். மெர்லின் ஆடி ஆடி அழுதா, நான் தூணோட நிண்டு அழுதன். ஏ.எல். எடுக்கிற மகள் பள்ளிக்கூடம் மாறேல்லை, டொரின் அக்காவின்ர ஃபோனை வாங்கிக்கொண்டு கதிரைக்கு மேல ஏறி நிண்டு படம் எடுத்துக்கொண்டிருந்தது.

எல்லாம் முடிஞ்சு, வேர்த்து விறுவிறுத்து, ஹெல்மெட்டைத் திருப்பி வாங்கேக்க அன்ரன் ரிஸ்வி சேரிட்டச் சொன்னார்:

"பன்னிரண்டு வருசமா ஒவ்வொரு நாளும் இந்த வாசலுக்கு வாறனான், இண்டைக்குத்தான் இவ என்னை உள்ள கூப்பிட்டவ."

கடைசிப் படம்

அடுத்தநாள் காலமை கண்காட்சியைக் கழட்டத் தொடங்கினம். கேக் தகரம் போச்சு, கதிரை ஓட்டோவில ஏறிச்சுது. கலியாணப் படங்களை நான் ஒவ்வொண்டாக் கடதாசியில சுத்திக்கொண்டிருந்தன். மெர்லின் பாடம் தொடங்க முன்னம் வந்தா. சந்தியில உள்ள கடையில அப்பதான் பதிஞ்ச படம், கையில ஒட்டுற அளவுக்குப் புதுசு. பள்ளிக்கூடச் சேலையோட பொம்பிளை, எண்ணெய்க் கறை பிடிச்ச நீல உடுப்போட மாப்பிளை, பின்னால வயலின், ஒரு கரையில ஹெல்மெட்டைப் பிடிச்சுக்கொண்டு மாப்பிளைத் தோழன் மாதிரி ரிஸ்வி சேர். நேற்று வரைக்கும் வெறுமையா இருந்த அந்த இடத்தில அதை வைச்சு, சரிஞ்சு நிக்குதோ எண்டு ஒருக்கா நிமித்தியும் விட்டா.

"வதனி, இண்டைக்கு ஒரு நாளைக்கு இந்த மேசையைக் கழட்டாதேங்கோ, என்ர கலியாணப் படம் இப்பதான் வந்திருக்கு."

நடன ரீச்சரா இருந்த பதினெட்டு வருசத்தில நான் ஒரேயொரு கலியாணத்தைத்தான் நடத்தி வைச்சிருக்கிறன், அதையும் மேலிடத்துக்கு 'ஏழு நிமிச நிகழ்ச்சி, குறித்தபடி நிறைவுற்றது' எண்டுதான் எழுதி அனுப்பினனான்.